என் பெயரில் நின்றவள்

கோர்ட்டு அமீனா வந்த அன்று எங்கள் தோட்டத்தில் மஞ்சள் வெட்டு நடந்துகொண்டிருந்தது. நாமகிரிப்பேட்டைக்குக் கிழக்கே, மலையடிவாரத்தை ஒட்டி, அப்பா கிணறு வெட்டி உண்டாக்கிய தோட்டம் அது. எனக்கு உடன்பிறந்தவர்கள் யாரும் இல்லை. கல்யாணம் ஆனபோதே அப்பா அதை என் பெயருக்கு எழுதிவைத்துவிட்டார். அவர் இறந்த பிறகு அம்மா தோட்டத்து வீட்டிலேயே தனியாக இருந்து பண்ணயம் பார்த்தார். நான் நாமக்கல்லில் கணவரோடு இருந்தேன். கணவர் லாரிகளுக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தார். மஞ்சள் வெட்டுக்கு அம்மாவுக்கு ஒத்தாசையாக இருக்கலாமென்று கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தேன். எழுபதுகளின் பின்பாதி.

முதலில் தமுக்குச் சத்தம்தான் கேட்டது. ஏதோ சாவுக்குச் சொல்கிறார்கள் என்று நினைத்தோம். வண்டித் தடத்தில் காக்கிச் சட்டை போட்ட ஒருவர், தமுக்கு அடிக்கிறவர், கிராமத் தலையாரி, அவர்களுக்குப் பின்னால் என் சித்தப்பாவின் ஆட்கள் என்று வரிசையாக வந்தார்கள். காக்கிச் சட்டைக்காரர் கோர்ட்டு அமீனா. தீர்ப்பை நிறைவேற்ற வந்திருப்பதாகவும், பூமியை இன்றே சித்தப்பாவிடம் ஒப்படைக்க வேண்டும் என்றும் அமைதியாகச் சொன்னார். கோர்ட்டுக்கே போகாதவர்களுக்கு என்ன தீர்ப்பு என்று அம்மா கேட்டார். அமீனா ஒரு நகலை என்னிடம் நீட்டினார்.

நான் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள். களத்தில் நின்றபடியே படித்தேன். என் சித்தப்பா என்மேல் வழக்குப் போட்டிருக்கிறார். நான் கோர்ட்டில் நேரில் ஆஜராகி, தோட்டம் அவருக்கே சேர வேண்டியது, எனக்கு ஆட்சேபனை இல்லை என்று நீதிபதி முன்னால் சொல்லி, ராஜி மனுவில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கீழே இருந்த கையெழுத்து என்னுடையதைப் போலவே இருந்தது. என் பெயரின் கடைசி எழுத்தை நான் இழுத்துவிடும் வழக்கம்கூட அப்படியே இருந்தது.

பிறகு தேதியைப் பார்த்தேன். என் இடுப்பில் இருந்த குழந்தை பிறந்த தேதி அது. நான் கோர்ட்டில் நின்றதாகச் சொல்லும் அந்தக் காலை நேரத்தில், சேலத்தில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் இரும்புக் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தேன்.

இதை அமீனாவிடம் சொன்னேன். அவர் என் முகத்தையும் குழந்தையையும் பார்த்தார். “எனக்கு உத்தரவு மட்டுந்தானுங்க தெரியும்,” என்றார். பாதி வெட்டிய மஞ்சளை அப்படியே விட்டுவிட்டு வேலையாட்கள் கரையேறினார்கள். அம்மாவின் பாத்திரங்களையும் துணிகளையும் சித்தப்பாவின் ஆட்களே பதமாக எடுத்து வண்டியில் ஏற்றினார்கள். ஒரு டம்ளர்கூட உடையவில்லை. யாரும் குரலை உயர்த்தவில்லை.

அடுத்த நாள் கணவரும் நானும் சித்தப்பா வீட்டுக்குப் போனோம். அவர் எழுந்து வந்து எங்களை உட்காரச் சொன்னார். சித்தியை மோர் கொண்டுவரச் சொன்னார். குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். இப்படிச் செய்யலாமா என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வரவில்லை.

“நீதான அம்மிணி வந்து எழுதிக் குடுத்த. இப்ப மனசு மாறிப்போச்சுன்னா நான் என்ன பண்றது?” என்றார்.

நான் வரவே இல்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், கதவோரம் நின்ற சித்திக்கும் தெரியும். ஆனாலும் அவர் சொன்ன விதத்தில், ஒரு கணம், நான் போய்வந்து மறந்துவிட்டேனோ என்று எனக்கே தோன்றியது.

கோர்ட்டு இருந்த ஊரின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அங்கே எங்களுக்காக வாதாட ஒரு வயதான வக்கீல் ஒப்புக்கொண்டார். மோசடியாக வாங்கிய தீர்ப்பை ரத்துசெய்யச் சொல்லி வழக்குப் போடலாம், குழந்தை பிறந்ததற்கு ஆஸ்பத்திரிச் சான்று வாங்கி வாருங்கள் என்றார். சேலம் போனேன். பிரசவம் பார்த்த கன்னிகாஸ்திரீக்கு என்னை நன்றாக நினைவிருந்தது. ஆனால் நான் வந்த காரணத்தைச் சொன்னதும் அவர் முகம் மாறியது. எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“போன மாசம் உங்க அண்ணன் வந்தாரும்மா. அந்தத் தேதியில பிறந்த குழந்தைங்க விவரமெல்லாம் வேணும்னு கேட்டாரு. நான் தரல,” என்றார்.

எனக்கு அண்ணன் இல்லை என்று சொன்னேன். நான் வழக்குப் போடுவதற்கு முன்பே, போடலாமா என்று யோசிப்பதற்கு முன்பே, யாரோ எனக்கு முன்னால் நடந்துபோய் ஒவ்வொரு கதவாகப் பார்த்து வைத்திருக்கிறார்கள். சான்றைத் தந்துவிட்டு, தேவைப்பட்டால் கோர்ட்டுக்கு வந்தும் சொல்வதாக அந்தச் சிஸ்டர் சொன்னார். வாசல்வரை வந்து, நான் தெருவைத் தாண்டும்வரை நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

வழக்குப் போட்டோம். வாய்தா மேல் வாய்தாவாக வருஷங்கள் போயின. அம்மா எங்களோடு நாமக்கல்லில் ஓட்டு வீட்டில் இருந்தார். வீட்டுக்கு முன்னால் எட்டு முழச் சந்துதான். காலை எழுந்ததும் வாசலில் வந்து நின்று எதிர்ச்சுவரைப் பார்ப்பார். பிறகு உள்ளே போய்விடுவார்.

சித்தப்பா ஒருவரால் இதைச் செய்திருக்க முடியாது என்பது மட்டும் எனக்கு நாளாக நாளாகத் தெளிவானது. ஒரு பெண்ணை நான் என்று கூட்டிவந்து நிறுத்தியபோது, இவர்தான் அவர் என்று அடையாளம் சொல்ல ஒரு வக்கீல் இருந்திருக்க வேண்டும். எனக்குச் சம்மன் கொடுத்ததாகப் பொய்யாக எழுதியவர் ஒருவர். மனுவை வாங்கி, அடுக்கி, நீதிபதியின் மேஜைக்குக் கொண்டுபோனவர் ஒருவர். தோட்டம் திரும்பி வருவது ஒரு பக்கம். இத்தனை பேரையும் கேட்க யாரும் இல்லையா? வக்கீலிடம் கேட்டபோது அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, பூமியை மட்டும் கேளுங்கள் தாயி, ஆட்களைக் கேட்காதீர்கள் என்றார். நான் கேட்டேன். கலெக்டருக்கும் மாவட்ட நீதிபதிக்கும் மனு எழுதினேன். கோர்ட்டு அலுவலகத்துக்குத் தலைமையாக இருந்த சிரஸ்தாருக்குத் தெரியாமல் இது நடந்திருக்காது, அவரை விசாரிக்க வேண்டும் என்று அதில் வெளிப்படையாகவே எழுதியிருந்தேன்.

மனு உரிய நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டிருப்பதாகப் பதில் வந்தது. அதற்குப் பிறகு கொஞ்ச நாளில், விசாரணைக்குக் கோர்ட்டு அலுவலகத்துக்கு நேரில் வரும்படி ஒரு கடிதம் வந்தது. கணவரும் நானும் போனோம். கணவரை வராந்தாவில் இருக்கச் சொல்லிவிட்டு என்னை மட்டும் உள்ளே விட்டார்கள். மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர் அந்தச் சிரஸ்தார். அவர் கையில் என் மனு இருந்தது.

நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். டீ வரவழைத்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, மெதுவான பேச்சு. மனுவை முதல் வரியிலிருந்து எனக்கே படித்துக் காட்டினார். தன் பதவி வந்த இடத்தில் நிறுத்தினார்.

“கையெழுத்து நல்லா இருக்குதுங்க,” என்றார். “இதுல என்னையப் பத்தித்தான் எழுதியிருக்கீங்க. விசாரிச்சு அறிக்கை அனுப்புன்னு எனக்கே வந்திருக்குது. என்னன்னு எழுதட்டும்? நீங்களே சொல்லுங்க.”

“நடந்ததை எழுதுங்க,” என்றேன்.

“நடந்தது கேஸ் கட்டுல இருக்குதுங்க. நீங்க வந்தீங்க. சம்மதம்னு சொன்னீங்க. கையெழுத்துப் போட்டீங்க. அதுக்கு மேல நடந்ததுன்னு ஒண்ணு இல்லீங்க.”

டீயைக் குடிக்கச் சொன்னார். நான் தொடவில்லை. அவர் மனுவை மடித்து வைத்துவிட்டு, பாப்பாவைக் கடைத்தெருப் பள்ளிக்கூடத்தில்தான் சேர்த்திருக்கிறீர்களாமே, நல்ல பள்ளிக்கூடம் என்றார். ரிக்‌ஷாக்காரன் நம்பிக்கையானவனா என்றும் விசாரித்தார். அவ்வளவுதான். வெளியே வந்தேன். பஸ் ஸ்டாண்டுவரை கணவரின் கையைப் பிடித்துக்கொண்டே நடந்தேன். ஊரார் பார்ப்பார்களே என்று அன்றைக்குத் தோன்றவில்லை.

மறுநாளிலிருந்து ரிக்‌ஷாவை நிறுத்திவிட்டோம். மகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விடுவதும் கூட்டிவருவதும் அம்மாவின் வேலை ஆனது. பட்டறைக்கு வேலை வருவது குறைந்தது. முன்பணம் கொடுத்திருந்த லாரி முதலாளிகள், உங்கள் சொந்தக்காரர் ஒருவர் வேண்டாமென்கிறார், எங்களுக்குச் சங்கடமாக இருக்கிறது என்று சொல்லி வண்டியை வேறு பட்டறைக்கு ஓட்டிப்போனார்கள். ஒரு நாள் மதியம் வெறுமையாகக் கிடந்த பட்டறையில் கணவருக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தேன். மனுப் போடுவதை நிறுத்திவிடட்டுமா என்று கேட்டேன்.

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். “நீ சொல்றது பொய்யின்னா நிறுத்திக்கலாம்,” என்றார். “பொய்யில்லியே.”

அதற்குப் பிறகு அவரிடம் நான் அதைக் கேட்கவில்லை.

வழக்கு விசாரணைக்கு வந்த ஒரு நாள், டவாலி போட்ட சேவகர் வாசலில் நின்று என் பெயரையும் அப்பா பெயரையும் சொல்லி உரக்கக் கூப்பிட்டார். நான் வராந்தாவில் இருந்து எழுந்தேன். எதிர்த்தூண் ஓரம் நின்றிருந்த ஒரு பெண், பேயைக் கண்டவளைப் போல என்னைப் பார்த்தாள். என் வயதுதான் இருக்கும். மெலிந்த உடம்பு, புதுச் சேலை, காலில் செருப்பில்லை. அன்றும் வாய்தாதான் போட்டார்கள். நான் வெளியே வந்து தண்ணீர்க் குழாய்க்குப் போனபோது அவள் பின்னாலேயே வந்தாள். குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் பேசினாள்.

“நீங்க செத்துட்டீங்கன்னு சொன்னாங்க,” என்றாள். “பெரசவத்துல போயிட்டாங்க, காயிதம் மட்டும் பாக்கி, ஒரு நாளைக்கு வந்து நில்லுன்னாங்க. செத்தவங்களுக்குத் தானேன்னு நின்னேன்.”

நான் அவள் முகத்தையே பார்த்தேன். என் பெயரில் நின்றவள் இவள்தான். கோபம் வரும் என்று நினைத்திருக்கிறேன், அத்தனை வருஷமும். வரவில்லை. அவள் அயோத்தியாப்பட்டணத்துப் பக்கம் ஜவ்வரிசி ஆலையில் மாவு காயப்போடும் வேலை செய்கிறாள். புருஷன் இல்லை. என் கையெழுத்தை ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்துப் பழகச் சொன்னார்களாம். நீதிபதி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லையாம்.

இன்றைக்கு எதற்கு வந்தாய் என்று கேட்டேன். அவள் குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டாள்.

“இன்னைக்கு வேற பேருங்க,” என்றாள். “ஆத்தூர்ப் பக்கத்து அம்மா ஒருத்தருது. அவங்களும் செத்துட்டாங்கன்னுதான் சொல்லியிருக்காங்க.”

எனக்காக வந்து சாட்சி சொல்வாயா என்று கேட்டேன். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அடுத்த வாய்தாவுக்கு வருவதாகச் சொன்னாள். போகும்போது ஒரு தடவை திரும்பி, “உங்க கொழந்தை நல்லா இருக்குதுங்களா?” என்று கேட்டாள். நன்றாக இருக்கிறது என்றேன்.

இந்த விஷயத்தை நான் கணவரிடம் சொன்னேன். பிறகு வக்கீலின் அறையில் சொன்னேன். வேறு எங்கேயும் பேசவில்லை. அடுத்த வாய்தாவுக்கு அவள் வரவில்லை. கணவரும் நானும் அயோத்தியாப்பட்டணம் போய், ஆலை ஆலையாக அடையாளம் சொல்லி விசாரித்தோம். ஓர் ஆலையின் பின்னால் வரிசையாக இருந்த ஓட்டு அறைகளில் ஒன்று பூட்டிக் கிடந்தது. பக்கத்து அறைக்காரி பயந்து பயந்து பேசினாள். ஒரு காலையில் வேன் வந்ததாம். கர்நாடகாவில் நல்ல வேலை என்று ஏற்றிக்கொண்டு போனார்களாம். காயப்போட்ட சேலையை எடுக்கக்கூட அவள் இறங்கவில்லையாம். அந்தச் சேலை இன்னும் கொடியிலேயே கிடந்தது. வெயிலில் ஒரு பக்கம் வெளுத்திருந்தது.

போலீஸ் ஸ்டேஷனில் ஆளைக் காணவில்லை என்று எழுதிக் கொடுக்கப் போனேன். அந்தப் பெண் உங்களுக்கு என்ன உறவு என்று கேட்டார்கள். உறவில்லை என்றேன். உறவுக்காரர்கள் வந்தால்தான் வாங்குவோம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவள் என்ன ஆனாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அன்றோடு அந்த வக்கீலை மாற்றிவிட்டோம். அவர்மேல் சந்தேகம் இல்லை. அவருடைய அறையில் யார் யார் வந்துபோகிறார்கள் என்பதுதான் தெரியவில்லை. சேலத்திலிருந்து ஓர் இளம் வக்கீலை வைத்தோம். ஹைக்கோர்ட்டுக்கு நேராக மறுபடியும் மனு எழுதினேன். இந்தத் தடவை என் தோட்டத்தைப் பற்றிக் கொஞ்சம்தான் எழுதினேன். இன்ன தேதியில் இன்ன கோர்ட்டில், ஆத்தூர்ப் பக்கத்துப் பெண் ஒருவர் பெயரில் வேறு ஒரு பெண் நின்றாள், அன்று பதிவான ராஜிகளை எடுத்துப் பாருங்கள், அந்தப் பெண்ணின் வீட்டுக்கு ஆளை அனுப்பி உயிரோடு இருக்கிறாரா என்று கேளுங்கள் என்று எழுதினேன்.

சென்னையிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். முன்னறிவிப்பு இல்லாமல் வந்து பதிவறையைப் பூட்டிச் சாவியைத் தானே வைத்துக்கொண்டதாகப் பிற்பாடு கேள்விப்பட்டோம். ஆத்தூர்ப் பக்கம் அவர் ஒரு வீட்டுக் கதவைத் தட்டியபோது, கதவைத் திறந்தவர் அந்த அம்மாவேதான். தன் பூமி கைமாறிவிட்டது என்பதே அவருக்கு அப்போதுதான் தெரியும். அது ஒன்றல்ல, இன்னும் சில கட்டுகளும் அகப்பட்டன என்றார்கள். அதிகாரி என்னையும் கூப்பிட்டு ஒரு மதியம் முழுக்க விசாரித்தார். நான் சொன்னதை எல்லாம் எழுதிக்கொண்டார். மறுபடி கூப்பிடுவதாகச் சொன்னார். அதற்குள் அவரை வேறு பணிக்கு மாற்றிவிட்டார்கள்.

எங்கள் வழக்கில் கன்னிகாஸ்திரீ வந்து சாட்சி சொன்னார். எதிர்த்தரப்பு வக்கீல், அன்று எத்தனையோ பிரசவம் பார்த்திருப்பீர்கள், இவர்தான் என்று எப்படி உறுதியாகச் சொல்கிறீர்கள் என்று மடக்கினார். சிஸ்டர் அவரைப் பார்க்காமல் நீதிபதியைப் பார்த்துப் பேசினார்.

“குழந்தை அழல. இவங்க என் கையைப் பிடிச்சு, செத்துடுச்சான்னு கேட்டாங்க. நான் மூச்சு ஊதி அழவெச்சேன். அந்த முகத்தை மறக்க முடியாதுங்க ஐயா,” என்றார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் தீர்ப்பு வந்தது. ராஜித் தீர்ப்பு மோசடியாகப் பெறப்பட்டது, செல்லாது, பூமியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அம்மா கேட்டுவிட்டு உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தார். நான் தீர்ப்பு நகலை வரிவரியாகப் படித்தேன். ‘அடையாளம் தெரியாத ஒரு பெண்’ என்று இருந்தது. ‘அடையாளம் தெரியாத சிலரின் உடந்தையுடன்’ என்றும் இருந்தது. என் சித்தப்பா பெயர் இருந்தது. சிரஸ்தாரைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அவரை வேறு ஊருக்கு மாற்றினார்கள். அங்கே மாலை மரியாதையோடு ஓய்வுபெற்றார்.

தோட்டம் வந்தபோது கிணற்று மேட்டில் மோட்டாரும் இல்லை, குழாயும் இல்லை. மஞ்சள் காட்டில் மரவள்ளி போட்டு மண்ணைச் சத்தில்லாமல் ஆக்கியிருந்தார்கள். அம்மா திரும்பிப் போனார். சித்தப்பா அடுத்த தோட்டத்திலேயே இருந்தார். வரப்பில் பார்த்தால், நல்லா இருக்கறயா அம்மிணி என்று கேட்டுவிட்டுப் போவார். நானும் ஆமாங்க என்பேன். அம்மா பட்டப்பகலிலும் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

அந்த விசாரணை அறிக்கை என்ன ஆயிற்று என்று கேட்டு வருஷா வருஷம் எழுதினேன். நடவடிக்கை எடுக்கப்பட்டுள்ளது, விவரம் தெரிவிக்க இயலாது என்று பதில் வந்தது. ஒரு தடவை சென்னைக்கே போனேன். பெரிய அலுவலகம். ஓர் அதிகாரி பொறுமையாகத்தான் கேட்டார். பூமிதான் வந்துவிட்டதே, இன்னும் என்ன வேண்டும் என்றார். யார் யார் செய்தார்கள் என்று எழுதிக் கொடுங்கள், அது போதும் என்றேன். வெளியே உட்காரச் சொன்னார். சாயங்காலம் அறைகளை ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டு வந்த காவலாளி, அம்மா கிளம்புங்கள் என்றார்.

ஆத்தூர்ப் பக்கத்து அம்மாவின் வழக்கு அதற்கு அப்புறமும் நடந்தது. எண்பதுகள் முடியும் தறுவாயில் என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். குழாயடியில் அந்தப் பெண் என்னிடம் சொன்னதை நான் வந்து சொல்ல வேண்டும். கணவருக்கு அப்போது உடம்பு சரியில்லை. நானும் அந்த அம்மாவும் பஸ் ஸ்டாண்டில் சந்தித்துச் சேர்ந்து போனோம். பஸ்ஸில் எங்களுக்குப் பின் இருக்கையில் ஒருவன் வந்து உட்கார்ந்தான். நல்ல வேட்டி சட்டை. வழியெல்லாம் அவன் யாரோடும் பேசவில்லை. தூங்கவும் இல்லை. அந்த அம்மா என் காதருகே குனிந்தார்.

“உங்களுக்குப் பயமா இருக்குதா?” என்று கேட்டார்.

“இருக்குதுங்க,” என்றேன்.

“எனக்கும்தான்,” என்றார்.

நாங்கள் இறங்கிய இடத்தில் அவனும் இறங்கினான். எங்களைப் போல வேலையாக வந்தவனாகவும் இருக்கலாம். கோர்ட்டு வாசலில் சேவகர் என் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்த அம்மா என் பையை வாங்கி வைத்துக்கொண்டார். நான் உள்ளே போய்க் கூண்டில் ஏறினேன்.